வெட்டிப்போட்ட எரிமலை: பரியூவிலிருந்து பழைய குவாரி வரை ஒரு நாள் நடை

நடைப்பித்தன் எழுதியது:

எரிமலையின் உச்சியில் ஏறி நின்று பார்த்தால் தெரிவது ஒரு பள்ளம். புல் முளைத்த, ஆடு மேய்கிற, சாதுவான பள்ளம். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், யாராவது அதை வெட்டியிருக்க வேண்டும். அப்படி வெட்டிப்போட்ட ஒன்றைச் சென்ற மாதம் பார்த்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. இங்கே இறக்கி வைக்கிறேன்.

இடம் பிரான்சின் நடுவில் உள்ள ஓவெர்ஞ். பாரிசின் பெர்சி நிலையத்தில் ரயில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் கிளெர்மோன் ஃபெரான். நகருக்கு மேற்கே ஏறக்குறைய எண்பது எரிமலைகள் வடக்கு தெற்காக வரிசை பிடித்து நிற்கின்றன. அங்குள்ளவர்கள் ஒவ்வொன்றையும் ‘புய்’ என்கிறார்கள். எல்லாவற்றிலும் உயரமானது புய் த தோம், 1465 மீட்டர். 2012 முதல் அதன் உச்சிக்குப் பல்சக்கர ரயில் ஓடுகிறது. கால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். நாங்கள் அதில் ஏறவில்லை. ரயிலில் போனால் மலை ஏறியதாகக் கணக்கில் வராது என்று பதினான்கு வயது மகன் ஒரு சட்டம் வைத்திருக்கிறான்.

காலையில் பரியூ என்ற புய். 1209 மீட்டர்தான், ஆனால் ஏற்றம் நெஞ்சுக்கு நேராக வருகிறது. கீழே ஹேசல் புதரும் பீச் மரமும் அடர்ந்த காடு. மேலே போகப் போக மரம் குறைந்து புல்வெளியும் மரப்படிகளும். படி எதற்கு என்று முதலில் எரிச்சலாக இருந்தது. ஓரத்தில் ஓரடி எடுத்து வைத்த பிறகுதான் புரிந்தது. மண் என்று நாம் நினைப்பது மண்ணே அல்ல. எல்லாம் கறுத்த பொடிக்கல். பொரியை மிதித்தது போல நொறுங்கிக் காலை உள்வாங்குகிறது. இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்குகிறது. ஆயிரம் பேர் இப்படி மிதித்தால் மலை வழிந்து ஓடிவிடும்.

உச்சியில் அந்தப் பள்ளம். ஏறக்குறைய 95 மீட்டர் ஆழம், வட்டமென்றால் காம்பஸ் வைத்து வரைந்தது போன்ற வட்டம். அழகுதான், மறுக்கவில்லை. விளிம்பைச் சுற்றி நடந்தோம், படம் எடுத்தோம், இறங்கினோம்.

பிறகு வடக்கே காட்டுப் பாதை. கவிழ்த்த அண்டா போன்ற சார்க்குயி மலையைக் கடந்து, ஷொப்பின் மலையின் பக்கமாக லெம்ப்தேஜிக்குப் போனோம். இது 1946 முதல் 2007 வரை குவாரியாக இருந்த எரிமலை. மேடு பெரும்பாலும் போய்விட்டது. மேடு இருந்த இடத்தில் இப்போது ஒரு பள்ளத்தாக்கு. வழிகாட்டியோடு உள்ளே இறங்கிப் பார்க்கலாம்.

உள்ளே போனதும் மகன் பேச்சை நிறுத்தினான். அது அபூர்வம். எதிரே நாலு ஆள் உயரத்துக்கு ஒரு வெட்டுச்சுவர். கறுப்பு, செங்கல் நிறம், மஞ்சள் காவி, மறுபடி கறுப்பு என்று பட்டை பட்டையாகப் படிந்து கிடக்கிறது. ஒவ்வொரு பட்டையும் சாய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் சரிந்து விழுந்தது என்று விரலால் காட்டிவிடலாம். நடுநடுவே முழுக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஒன்று இரு முனையும் கூராகி, நூற்கும் கதிர் போல முறுக்கிக்கொண்டிருந்தது. காற்றில் சுழன்றபடியே இறுகிய எரிமலைக் குழம்பாம். இன்னொன்று தட்டையாக, ஓரம் மடிந்து, அப்படியே வறட்டி. புவியியல்காரர்களும் அதைச் சாணி என்றுதான் சொல்கிறார்களாம். குவாரியின் நடுவில் ஒரு கரும்பாறை தனியாக, செங்குத்தாக நின்றது. அதுதான் எரிமலையின் தொண்டை என்றார் வழிகாட்டி. குழம்பு ஏறி வந்த வழி, ஏறியபடியே உறைந்துவிட்டது. மழைபட்டுத் துருப்பிடித்த பக்கமெல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது.

பரியூவைப் புகழாதவர் இல்லை. எனக்கோ அந்தக் கைவிட்ட குவாரிதான் மனதில் நிற்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?


ஈச்சமரம் எழுதியது:

அருமை அண்ணா. அம்மாவை அழைத்துக்கொண்டு போக ஆசை. அவருக்கு அறுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு. பரியூ முடியுமா, குவாரி மட்டும் போதுமா?


செம்புலம் எழுதியது:

எல்லோரும் ‘ஆகா’ என்று சொல்வதற்குள் நான் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

1946இலிருந்து 2007. அறுபத்தொரு ஆண்டு. முப்பதாயிரம் ஆண்டுகளாக நின்ற ஒரு மலையை ஒரு மனித ஆயுளுக்குள் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எங்கே போனது? ரோட்டுக்கும் கட்டடத்துக்கும். மிச்சத்துக்கு ஒரு வாசல் வைத்து, ‘வாருங்கள், எரிமலையின் உள்ளே பாருங்கள்’ என்கிறார்கள். திருடியவனே திருட்டுப்போன வீட்டைச் சுற்றிக் காட்டுவது போலிருக்கிறது.

நடைப்பித்தன் அண்ணா மீது கோபமில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் ஒரு பிணத்தை அறுத்தால் குடல் தெரியும்தான். குடல் தெரிந்ததே என்று மகிழ்ந்துகொண்டிருக்க முடியுமா? குவாரி என்றால் எனக்கு நினைவுக்கு வருவது வேறு. நான் சிறுவயதில் ஏறி விளையாடிய குன்று இன்று தண்ணீர் தேங்கிய குழி. அதில் இரண்டு பையன்கள் மூழ்கினார்கள். அங்கே யாரும் வழிகாட்டி வைக்கவில்லை.


நடைப்பித்தன் எழுதியது:

செம்புலம், பிண அறுப்பு என்று சொன்னது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் பார்ப்பதற்காக யாரும் அதை அறுக்கவில்லையே. அறுத்தவன் கிளம்பிப் போன பிறகு உள்ளே நுழைந்தவன் நான். அங்கே கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டுமா?

ஈச்சமரம், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன், சற்றுப் பொறுங்கள்.


கல்லுளி எழுதியது:

இந்த இழைக்கு நான் வராமல் இருக்க முடியாது. பதினோரு ஆண்டுகள் குவாரியில் தோண்டும் இயந்திரம் ஓட்டியவன் நான். லெம்ப்தேஜியில் அல்ல, வேறொரு இடத்தில். ஆனால் எடுத்தது இதே சரக்கு.

இந்தக் கல்லுக்கு பிரெஞ்சில் புஸ்ஸோலான் என்று பெயர். இத்தாலியின் பொஸ்ஸுவோலி ஊரிலிருந்து வந்த சொல். நம் ஊர்க் கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சினால் அடியில் கிட்டம் கிடைக்குமே, பார்ப்பதற்கும் தூக்குவதற்கும் அதே போல. முழுக்க ஓட்டை. கையளவு கல்லைத் தூக்கினால் கை ஏமாந்துபோகும், அவ்வளவு லேசு. அதனால்தான் அதற்குக் கிராக்கி. பனிக்காலத்தில் சாலையில் வழுக்காமல் இருக்கத் தூவுவார்கள். லேசான கட்டடக் கல் வார்ப்பார்கள். கழிவுநீர் வடிகட்டப் போடுவார்கள். தோட்டக்காரர்கள் தொட்டிக்கு அடியில் போடுவார்கள்.

வெட்டும் முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் நடைப்பித்தன் பார்த்த சுவரின் ரகசியம் அதில்தான் இருக்கிறது. கருங்கல் குவாரியில் துளை போட்டு வெடி வைக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் வெடியே வேண்டாம். எல்லாம் வாரி இறைத்தது போல் உதிரியாகக் கிடக்கிறது. நெல்லை அம்பாரமாகக் கொட்டினால் அது தானாக ஒரு சரிவில் நின்றுகொள்ளும் அல்லவா? எரிமலை கொட்டிய பொடிக்கல்லும் அப்படித்தான், ஏறக்குறைய முப்பது பாகைச் சரிவில் நிற்கும். எல்லா ‘புய்’யும் தூரத்திலிருந்து ஒரே சாடையில் இருப்பதற்கு அதுதான் காரணம். அம்பாரத்தின் அடியில் முறம் போட்டு இழுத்தால் மேலிருந்து வழியும். எங்கள் இயந்திரம்தான் அந்த முறம். எங்களுக்குப் பயமும் அதுதான். வழியும் என்று நினைத்தது வழியாமல் செங்குத்தாக நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். பிறகு சொல்லாமல் இறங்கும். ஆகவே கைவிட்ட குவாரி எதிலும் சுவருக்கு அடியில் போய் நிற்காதீர்கள், படம் எடுக்கக்கூட வேண்டாம். நாலு ஆள் உயரச் சுவர் என்றால் எட்டு ஆள் தூரம் தள்ளி நில்லுங்கள். இது சட்டமல்ல, என் கணக்கு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உதிரியை வாரும்போது திடீரென்று வாளியின் பல் ‘கிரீச்’ என்று கத்தும், பொறி பறக்கும். குழம்பு உறைந்த கட்டிப் பாறை அது. அதை எடுத்தால் பல் போகும், டீசல் போகும், கல்லும் எங்களுக்கு உதவாது. மேற்பார்வையாளர் கை காட்டுவார்: விட்டுவிடு, சுற்றிக்கொண்டு போ. சுற்றிச் சுற்றித் தோண்டியதில் அது மட்டும் தூண் போல நின்றுவிடும். நடைப்பித்தன், நீங்கள் பார்த்த ‘தொண்டை’ அப்படி நின்றதாகத்தான் இருக்கும். நீங்கள் வியந்தது எல்லாம் எங்கள் கண்ணுக்குக் குப்பை. நாங்கள் எடுத்துப்போனதை யாரும் பார்க்கப் போவதில்லை; விட்டுப்போனதைப் பார்க்க உலகம் வருகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.


வானம்பாடி எழுதியது:

புவியியல் ஆசிரியை என்பதால் கை துறுதுறுக்கிறது, மன்னித்துவிடுங்கள்.

முதலில் ஒரு திருத்தம். சிவப்பு நிறம் மழையில் வந்த துரு அல்ல. அந்தக் கற்கள் மண்ணில் விழும் முன்பும், விழுந்து சூடு ஆறுவதற்குள்ளும் சிவந்தவை. எரிமலை வாயின் அருகே விழுந்த கற்கள் ஒன்றன் மேல் ஒன்று குவிந்து நெடுநேரம் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டின் ஊடாகக் காற்றும் நீராவியும் புகுந்து இரும்பைப் பற்றிக்கொள்ளும், கல் சிவக்கும். தள்ளிப்போய் விழுந்தவை சட்டென்று ஆறிக் கறுப்பாகவே தங்கிவிடும். ஆதிச்சநல்லூரிலும் கீழடியிலும் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகளை நினைத்துக்கொள்ளுங்கள். சூளையில் காற்றுப் பட்ட பக்கம் சிவப்பு, படாத பக்கம் கறுப்பு. இங்கே நடந்தது முற்றிலும் அதே வேதியியல் அல்ல, ஆனால் காற்றும் சூடும் கூடிய இடம் சிவக்கிறது என்பது ஒன்றுதான். அதனால் ஒரு குவாரிச் சுவரில் சிவப்பு கூடிக்கொண்டே போனால், எரிமலை வாயை நெருங்குகிறீர்கள் என்று பொருள். நிறமே உங்களுக்கு வழி சொல்லும்.

இரண்டாவது, இந்த வரிசையில் எல்லாம் பரியூ போன்றவை அல்ல. புய் த தோமின் உச்சியில் பள்ளமே கிடையாது. அங்கே வந்த குழம்பு கெட்டி. ஓடத் தெரியாமல் குவிந்து இறுகியது. சார்க்குயியும் அப்படித்தான், அண்டாவைக் கவிழ்த்தது போல் இருப்பது அதனால்தான். ஷொப்பின் இன்னும் விசித்திரம்: அது மேலே வரும்போது அடித்தளத்துக் கருங்கல் பாளத்தையும் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

மூன்றாவது, செம்புலம் தம்பிக்கு ஒரு கதை. 1648 செப்டம்பர் 19 அன்று அறிவியலாளர் பாஸ்கலின் மைத்துனர் ஃபுளோரான் பெரியே, பாதரசக் குழாயைச் சுமந்துகொண்டு புய் த தோம் உச்சிக்கு ஏறினார். அடிவாரத்தைவிட மேலே பாதரசம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் இறங்கி நின்றது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்று நிரூபித்த நாள் அது. அவர் பிறந்து வளர்ந்தது அந்த மலையடிவாரத்தில்தான். ஆனால் தான் நிற்பது எரிமலை என்று அவருக்குத் தெரியாது. அப்போது யாருக்கும் தெரியாது!

அதற்கு இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. 1751இல் கெத்தார் என்ற இயற்கை ஆய்வாளர், மால்ஷெர்ப் என்ற நண்பரோடு அந்தப் பக்கம் பயணம் செய்தார். வழியில் கட்டுமானத்தில் பயன்பட்டிருந்த ஒரு கறுப்புக் கல் கண்ணில் உறுத்தியது. எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். கிளெர்மோனுக்கு வடக்கே உள்ள வொல்விக் ஊரின் குவாரி என்றார்கள். குவாரிக்குப் போனார், வெட்டுமுகத்தைப் பார்த்தார், அங்கிருந்து மலைகளை நிமிர்ந்து பார்த்தார். 1752இல் பாரிசின் அறிவியல் கழகத்தில் போய், இவை அணைந்த எரிமலைகள் என்று சொன்னார். மலைகள் நூற்றாண்டுகளாகக் கண்முன் நின்றும் சொல்லாததைக் குவாரி சொல்லிவிட்டது.


செம்புலம் எழுதியது:

கதை நன்றாக இருக்கிறது அக்கா. பதிலுக்கு நானும் ஒன்று கேட்கிறேன். வொல்விக் கல்லை எடுத்துத்தான் கிளெர்மோன் பேராலயத்தைக் கட்டினார்கள். 1248இல் தொடங்கினார்கள், இன்றும் கன்னங்கரேல் என்று நிற்கிறது. போய்ப் பார்த்திருக்கிறேன். வெளியில் வெயில் அடித்தாலும் உள்ளே மழைக்கால மாலை போல இருக்கும். அந்தக் குவாரியை நான் குறை சொல்லவில்லை. எடுத்த கல் எங்கே என்று கேட்டால் கை நீட்டிக் காட்ட முடிகிறது. லெம்ப்தேஜியின் கல் எங்கே? பனிக்காலத்தில் சாலையில் தூவி, வசந்தத்தில் கூட்டி வாரிக் கொட்டியாயிற்று. என் மனத்தாங்கல் வெட்டியதில் இல்லை. எதற்காக வெட்டினார்கள் என்பதில்தான்.

கல்லுளி அண்ணாவின் ‘குப்பை’ மட்டும் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.


கல்லுளி எழுதியது:

தம்பி, அந்தச் சாலையில் பனிக்காலத்தில் விழாமல் வீடு சேர்ந்தவன் ஒருவனாவது இருப்பான். அவனைக் கை நீட்டிக் காட்ட முடியாது, அவ்வளவுதான்.


வடக்குவாசல் எழுதியது:

இடையில் ஒரு சந்தேகம். ‘அணைந்த எரிமலை’ என்றால் இனி வெடிக்கவே வெடிக்காதா? குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கிறார்கள்.


வானம்பாடி எழுதியது:

வடக்குவாசல், இந்த வரிசையின் கடைசி வெடிப்புகளுக்கு ஏறக்குறைய 8,500 வயது. தெற்கே சற்றுத் தள்ளியுள்ள பவேன் ஏரியின் பள்ளம் இன்னும் இளையது, 7,000 ஆண்டுகளை ஒட்டியது. ஒவ்வொரு மலையும் பெரும்பாலும் ஒரே முறை வெடித்து ஓய்ந்தது. ஆகவே பரியூ மறுபடி எழும் என்று பயப்பட வேண்டாம். வரிசையில் வேறோர் இடத்தில் என்றாவது புதிதாக ஒன்று பிறக்கலாம். லெம்ப்தேஜி கிட்டத்தட்ட 30,000 ஆண்டுக்கு முந்தையது, பரியூ அதற்கு மிகவும் இளையவர். புவியியல் கணக்கில் ‘நேற்று’தான். உங்கள் விடுமுறைக் கணக்கில் தாராளமாகப் போகலாம்.


நடைப்பித்தன் எழுதியது:

சிவப்பு பற்றிய திருத்தத்துக்கு நன்றி அக்கா. மகனிடம் துரு என்று அடித்துச் சொல்லியிருந்தேன். இப்போது உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். அவன் முகத்தில் இருந்த திருப்தியை என்னால் எழுத முடியாது.

ஈச்சமரம், அம்மாவின் முழங்காலுக்குப் பரியூ வேண்டாம். ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் அந்தப் படிகள் கணக்குத் தீர்க்கும். குவாரி பெரும்பாலும் சமதரை, நடக்க முடியாதவர்களுக்கு உள்ளே ஒரு சிறு ரயிலும் உண்டு. புய் த தோம் உச்சிக்குப் பல்சக்கர ரயிலில் கூட்டிப்போங்கள். மகனின் சட்டம் அம்மாக்களுக்குப் பொருந்தாது.

இன்னொன்று, தண்ணீர். இதில் நான் ஏமாந்தேன். இவ்வளவு பச்சையான மலை, வழியில் ஓடையோ ஊற்றோ இருக்கும் என்று ஒரே ஒரு பாட்டிலோடு கிளம்பிவிட்டேன். ஒரு சொட்டு இல்லை. பெய்கிற மழையை அந்த ஓட்டைக் கல் அப்படியே குடித்துவிடுகிறது. உள்ளேயே வடிந்து, மலையடியில் வொல்விக் பக்கம்தான் ஊற்றாக வெளியே வருகிறது. உலகமெல்லாம் பாட்டிலில் விற்கிற தண்ணீர் உற்பத்தியாகும் மலையின் மேல் நாக்கு வறண்டு நின்றவன் நான். ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமந்து போங்கள்.

காலணி கணுக்காலை மூட வேண்டும். இல்லையென்றால் பொடிக்கல் உள்ளே போகும். மூடியிருந்தாலும் கொஞ்சம் போகும்.

கல் பொறுக்காதீர்கள். மகன் ஒரு குட்டி வறட்டியைப் பைக்குள் போட்டான். வழிகாட்டி ஒன்றும் திட்டவில்லை. ‘ஒருநாளில் எத்தனை பேர் வருகிறார்கள், கணக்குப் போடு’ என்றார். இவன் போட்டான், கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். செம்புலம், இதை உங்களுக்காகவே எழுதுகிறேன்.


செம்புலம் எழுதியது:

படித்தேன் அண்ணா. பையனுக்கு என் அன்பு.


ஈச்சமரம் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து இந்த இழையை மேலே இழுத்து விடுகிறேன். போய்வந்தோம்.

அம்மா உச்சிக்கு ரயிலில் வந்தார். வரிசையாக எல்லா மலைகளையும் பார்த்துவிட்டு, ‘களத்தில் நெல்லைக் குவித்து வைத்த மாதிரி இருக்கிறது’ என்றார். கல்லுளி அண்ணா எழுதியதை நான் அவருக்குப் படித்துக் காட்டவே இல்லை, சத்தியமாக.

குவாரியில் நடந்தேதான் வருவேன் என்று அடம்பிடித்தார். எட்டு ஆள் தூரத்தை நான் எண்ணி எண்ணி நிறுத்தினேன். வானம்பாடி அக்கா சொன்னபடி கறுப்பிலிருந்து சிவப்பை நோக்கி நடந்தோம். தொண்டைக்கு அருகில் சுவர் நல்ல செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அம்மா அந்தக் கரும்பாறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘சூளை பிரித்த இடம் இப்படித்தான் கிடக்கும்’ என்றார். தாத்தா செங்கல் சூளை வைத்திருந்தது எனக்குத் தெரியும், அம்மா அதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. திரும்பும் வழியெல்லாம் சூளைக் கதைதான். எரிமலைக் கதை ஒன்றும் இல்லை.

கல் எதுவும் எடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து காலணியை உதறியபோது ஒரு கைப்பிடிக் கறுப்புப் பொடி விழுந்தது. நான் கூட்டித் தள்ளப் போனேன். அதற்குள் அம்மா அதை அள்ளித் துளசித் தொட்டியில் போட்டுவிட்டார்.


கல்லுளி எழுதியது:

மேலே போட்டால் பயனில்லை அம்மா. தொட்டி மாற்றும்போது அடியில் போடுங்கள். தண்ணீர் தேங்காது.